குடிக்காத நம்பிராஜனின் ஈரல்

தென்காசியில் பத்திர ஆபீஸுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில் உட்கார்ந்து பத்திரம் எழுதுகிற நம்பிராஜனிடம் ஐந்து நிமிஷம் பேச்சுக் கொடுத்தால் போதும், ஆறாவது நிமிஷத்தில் அந்தச் செய்தி உங்கள் காதுக்கு வந்துவிடும். அவர் குடிப்பதில்லை. பீர் கூடக் கிடையாது. கல்யாணத்துக்கு முந்தின நாள் சேக்காளிகள் கையையும் காலையும் அமுக்கிப் பிடித்து வாயில் ஊற்றப் பார்த்தபோது கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாராம். சட்டைதான் நனைந்ததே தவிர ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. ஐம்பத்திரண்டு வயசு மனுஷனுக்குப் பெருமையடித்துக்கொள்ள இன்னும் நாலு விஷயம் இருந்தால் நன்றாகத்தான் இருக்கும். இவருக்கு இருந்தது அது ஒன்று. அதற்கும் இதுவரை யாரும் ஒரு சபாஷ் போட்டதில்லை என்பதுதான் அவருடைய மனக்குறை.

அந்தக் குறைக்குக் கையும் காலும் முளைத்து, மீசையும் வைத்து, வாராவாரம் அவர் வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தது. பேர் பாண்டித்துரை. மனைவி முத்துசெல்வியின் தம்பி. பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்துவிட்டு வந்து, இப்போது வாசுதேவநல்லூரில் அப்பா விட்டுப்போன எலுமிச்சைத் தோப்பைப் பார்த்துக்கொள்கிறான். விடிவதற்குள் எழுந்து தோப்பை நாலு சுற்றுச் சுற்றி வருவான். நாற்பத்தைந்து வயதிலும் வயிறு உள்ளே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை என்றால் குடிப்பான், அதை யாரிடமும் ஒளிக்கவும் மாட்டான். அவன் வருகிறான் என்றால் முத்துசெல்வி மீன் குழம்பில் நடுக்கண்டத்தை எடுத்துத் தனியாக வைத்துவிடுவாள். அன்றைக்கு நம்பிராஜன் தட்டில் வால் துண்டு விழும்.

நம்பிராஜனுக்குப் பொறாமை. நாசூக்காக வேறு பேர் சொல்லி மூட வேண்டியதில்லை, சுத்தமான பொறாமைதான். ஒரு கார்த்திகையில் துரை மலைக்கு மாலை போட்டான். நாற்பத்தெட்டு நாள் பாட்டிலைத் தொடவில்லை. முத்துசெல்வி அதைத் தெருவெல்லாம் சொல்லிப் பூரித்துப் போனாள்.

“நான் பொறந்ததுல இருந்தே தொடலயே” என்றார் நம்பிராஜன்.

“நீங்க தொடலன்னா அதுல என்ன இருக்கு? உங்களுக்குத்தான் அது பிடிக்காதே. அவன் ஆசய அடக்கிட்டு இருக்கான்லா.”

அன்று ராத்திரி சாப்பாடு வேண்டாம் என்று படுத்துவிட்டார். யாரும் வந்து கூப்பிடவில்லை என்பதால் கொஞ்ச நேரம் கழித்துத் தானே எழுந்து போய்ச் சாப்பிட்டார் என்பது வேறு விஷயம்.

ஆனாலும் துரை போகிற இடத்துக்கெல்லாம் இவரும் போவார். பொறாமைக்காரர்களுக்கு அப்படி ஒரு தலையெழுத்து, விட்டுவிட்டு இருக்கவும் முடியாது. சீசன் ஆரம்பித்துச் சாரல் விழுந்தால் துரையின் கூட்டாளிகள் ஏழெட்டுப் பேர் வேன் பிடித்துக் குற்றாலம் வருவார்கள். ஐந்தருவியில் நன்றாகக் குளித்துவிட்டு, செங்கோட்டை போகிற வழியில் தெரிந்தவர் தோப்பில் உட்கார்ந்துவிடுவார்கள். எல்லோருடைய மணிபர்சும் போனும் வண்டிச் சாவியும் நம்பிராஜனிடம். அவர் ஒருத்தர்தானே நிதானத்தில் இருப்பவர். அவர்கள் முதல் ரவுண்டை முடித்துப் பேச்சை ஆரம்பிப்பதற்குள் இவர் இரண்டு பாட்டில் கலர் சோடாவைக் குடித்து, பொரித்த கோழியில் பாதியைக் காலி பண்ணியிருப்பார். மிக்சர், அவித்த முட்டை, வறுத்த ஈரல், சால்னாவில் ஊறப்போட்ட பரோட்டா ஆறு. கையில் கிளாஸ் இல்லாதவனுக்கு வேறு என்னதான் வேலை? சைடு டிஷ் மாமா என்று அவர்கள் பேர் வைத்திருந்தார்கள். அவரும் அதைச் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டார். நம் உடம்பு கெட்டுப்போகாது, இவன்களுக்குத்தான் ஒருநாள் இருக்கிறது என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு. துரைக்கு ஈரல் கெட்டுப் படுத்தால் தானே ஹார்லிக்ஸ் வாங்கிக்கொண்டு போய்ப் பார்ப்பதாகவும், ‘நான் அப்பவே சொன்னேன்லா’ என்று தலைமாட்டில் உட்கார்ந்து சொல்வதாகவும் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறார். அந்த நினைப்பில் ஒரு சுகம் இருந்தது.

நாள் முழுக்க உட்கார்ந்த இடத்தில் வேலை. பதினோரு மணிக்கு வடை, நாலு மணிக்கு இனிப்புப் போண்டா, மூன்று கரண்டி சீனி போட்ட டீ. சர்க்கரை வியாதி பத்து வருஷமாக இருந்தது. மாத்திரை போடுகிறோமே, பிறகென்ன என்று வாயைக் கட்டவில்லை. முழங்கால் வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையை இரண்டு வருஷமாகத் தினம் ஒன்று போட்டுக்கொண்டிருந்தார்.

முதலில் வந்தது அசதி. மாடிப்படி ஏறியதும் நாற்காலியில் சாய்ந்துவிடுவார். பிறகு உள்ளங்கை இரண்டும் சிவந்தன. அதைத் துரையிடம் நீட்டி, “பாத்தியாலே, ஒடம்புல ரத்தம் ஊறுத அடையாளம்” என்று காட்டவும் செய்தார். மார்பில் சிலந்திக் கால் மாதிரி சிவப்பாகச் சின்னச் சின்ன நரம்பு தெரிந்தது, வேர்க்குரு என்று பவுடர் போட்டார். பல் தேய்த்தால் ரத்தம் வந்தது. மேசை இழுப்பறையில் லேசாக இடித்த இடம் ஒரு வாரம் கன்றிக் கிடந்தது. கையும் தோளும் மெலிய, வயிறு மட்டும் முரசு மாதிரி இறுகிக்கொண்டு வந்தது. சாயங்காலம் செருப்பைக் கழற்றினால் பாதத்தில் வார் பதிந்த பள்ளம் அப்படியே நிற்கும். உடம்பெல்லாம் அரிப்பு. பகலில் தூங்கி விழுந்தார். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு கிரயப் பத்திரத்தில் சர்வே நம்பரை மாற்றி எழுதி, கட்சிக்காரரிடம் பேச்சு வாங்கினார்.

கண்ணில் மஞ்சள் ஏறியதை முதலில் பார்த்தது துரைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுக் கை கழுவுகிற இடத்தில், வெளிச்சத்துக்கு நேரே அவர் முகத்தைத் திருப்பிப் பார்த்தான்.

“அத்தான், கண்ணு மஞ்சளா இருக்கு. காலும் வீங்கியிருக்கு. வெள்ளனே போயி லிவர் டெஸ்ட் எடுத்துருங்க. நான் வேணா கூட வாரேன்.”

சொன்னவன் வாயில் அப்போதும் லேசாகக் குடி வாடை இருந்தது. நம்பிராஜனுக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. குடிக்கிறவன் குடிக்காதவனுக்கு ஈரலைப் பற்றிப் பாடம் சொல்வதா?

“நீ ஒன் ஈரலப் பாத்துக்கலே” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்துக்காக மூன்று மாதம் டாக்டரிடம் போகவில்லை. போனால் துரை சொல்லித்தான் போனதாக ஆகிவிடுமே. யாருக்கும் தெரியாமல் கீழாநெல்லியை அரைத்து மோரில் குடித்தார். குற்றாலத்துக் கடைவீதியில் பேர் ஒட்டாத டப்பாவில் விற்கிற ஒரு பொடியையும் காமாலைக்கு நல்லது என்று சொன்னார்கள் என வாங்கித் தின்றார். சிறுநீர் பால் விடாத கட்டங்காப்பி நிறத்தில் போனபோதுதான் பயம் வந்தது. பயந்த பிறகும் வீட்டில் சொல்லவில்லை. பேருந்து ஏறி, தன்னை யாருக்கும் தெரியாத ஊரில் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போனார்.

அங்கே இருந்த சின்ன வயது டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, ஈரல் சுருங்கிக் கெட்டியாகிவிட்டது, வயிற்றில் நீர் கோத்திருக்கிறது என்றார். பிறகு தலையைத் தூக்காமலே கேட்டார்: “எத்தனை வருஷமாக் குடிக்கிறீங்க?”

“குடிச்சதே கெடையாது சார்.”

அவர் சிரித்தார். “எல்லாரும் அப்படித்தான் அண்ணாச்சி சொல்லுவாங்க” என்று எழுதியே விட்டார், மதுப் பழக்கத்தால் இருக்கலாம் என்று.

ஈரல் கெட்டுப்போன சேதி நம்பிராஜனுக்கு இரண்டாவதாகத்தான் உறைத்தது. அந்த ஒரு வரிதான் முதலில் குத்தியது. ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து பழைய பத்திரக் கட்டுக்குள் சொருகிவிட்டார். இதை வெளியே காட்டினால் ஊர் என்ன சொல்லும்? திருட்டுத்தனமாகக் குடித்திருக்கிறான், இத்தனை நாள் யோக்கியன் வேஷம் போட்டிருக்கிறான் என்று சொல்லும். துரையின் வயிறு தட்டையாக இருக்கும்போது தன் வயிறு இப்படி ஊதிக் கிடப்பதை எந்தச் சாமியிடம் போய் முறையிடுவது? வைத்தியமே வேண்டாம், பேர் கெடாமல் செத்தால் போதும் என்கிற அளவுக்கு மனசு முறுக்கிக்கொண்டது.

ஐந்தாவது வாரம் ஆதார் நகலைத் தேடப்போன முத்துசெல்வி கையில் அது சிக்கிவிட்டது. அவள் சத்தம் போடவில்லை. ரிப்போர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

“மக மேல சத்தியமாச் சொல்லுதேன் செல்வி, நான் தொட்டது கூட இல்ல.”

“பிள்ளைய இழுக்காதீங்க. டாக்டரு எழுதியிருக்காருல்லா. அப்ப துரைகூடப் போன நாளெல்லாம் நீங்களும் குடிச்சிருக்கீங்க. அவன் சொல்லிட்டுக் குடிச்சான், நீங்க சொல்லாமக் குடிச்சீங்க.”

அவர் காலையில் சொன்னார், சாயங்காலம் சொன்னார், மறுநாள் கெஞ்சியும் சொன்னார். இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவள் நம்பவில்லை. குடியை விட்டால்தான் மருந்து வேலை செய்யும், முதலில் கயிறு கட்டுவோம், பிறகு ஆஸ்பத்திரி என்பதில் உறுதியாக நின்றாள். புளியங்குடிக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஒரு கருப்பசாமி கோயில் இருக்கிறது. குடிப்பவர்கள் அங்கே போய் இனித் தொடமாட்டேன் என்று சாமி முன்னால் சத்தியம் செய்து மணிக்கட்டில் கயிறு கட்டிக்கொள்வார்கள். மூன்று மாதத்துக்கோ ஆறு மாதத்துக்கோ, அவரவர் தைரியத்துக்கு ஏற்ற மாதிரி. அந்த வாரம் துரையும் கயிறு கட்டுவதாக இருந்தான். பத்தாம் வகுப்புப் படிக்கிற அவன் மகள் கேட்டுக்கொண்டாளாம். அவன் காரிலேயே மூன்று பேரும் போனார்கள். துரையிடம் முத்துசெல்வி ரிப்போர்ட்டைப் பற்றிச் சொல்லவில்லை. அத்தானும் வருகிறார் என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

துரையின் முறை வந்தது. “ஒரு வருசத்துக்கு” என்றான். பூசாரி கயிறு கட்டி எலுமிச்சம்பழம் கொடுத்தார். முத்துசெல்வி கண்ணைத் துடைத்தாள். சிவகிரி அத்தைக்கு வீடியோ கால் போனது. முன்னேபின்னே தெரியாத ஒரு ஆள் வந்து துரையின் தோளைத் தட்டிக்கொடுத்தான். இதையெல்லாம் வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நம்பிராஜனுக்கு நெஞ்சு பொருமியது. இருபத்தைந்து வருஷம் குடித்தவன் ஒரு வருஷம் விடுகிறேன் என்கிறான், அதற்கு இத்தனை ஆரவாரம். ஐம்பத்திரண்டு வருஷமாகத் தொடாதவன் தலையைக் குனிந்து நிற்கிறான்.

“எத்தன வருசப் பழக்கம்?” என்று பூசாரி அவரிடம் கேட்டார்.

“பழக்கமெல்லாம் இல்ல” என்றார் மெதுவாக.

“இங்கன நின்னு பொய் சொல்லக் கூடாது அண்ணாச்சி.”

முத்துசெல்வி அவர் தோளில் கையை வைத்தாள். “சாமி முன்னாலயாவது சொல்லிருங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்.”

அந்தக் கை அவ்வளவு இதமாக இருந்தது. ரிப்போர்ட் சிக்கியதிலிருந்து அவள் அவரைத் தொடவே இல்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் இவள் அழுகை நிற்கும். அது மட்டுமா, துரைக்குக் கிடைத்ததெல்லாம் தனக்கும் கிடைக்கும். இல்லாத குடியை விடுவதில் என்ன கஷ்டம்?

“இருவது வருசமா” என்றார் நம்பிராஜன்.

முத்துசெல்வி அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “இப்பமாவது ஒத்துக்கிட்டீங்களே, அது போதும்” என்றாள். பின்னால் நின்ற ஒரு பெண், நல்ல மனுஷன், மறைக்காமச் சொல்லிட்டாரு பாரு என்று பக்கத்துக்காரியிடம் சொன்னாள். நம்பிராஜனுக்குக் காது குளிர்ந்தது. எத்தனை மாதத்துக்குக் கட்ட என்று பூசாரி கேட்டதும் அவர் துரையை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்:

“ஆயுசுக்கும்.”

வரிசையே திரும்பிப் பார்த்தது. அவர் வாழ்க்கையில் குடியின் பேரால் கிடைத்த முதல் மரியாதை அது. அதை அனுபவிக்க அரை நிமிஷம் கூட விடவில்லை துரை.

“பூசாரி, கட்டாதீங்க” என்று முன்னால் வந்தான். “அக்கா, என்னது இது? அத்தான் எங்க குடிச்சாரு?”

“ரிப்போர்ட்ல எழுதியிருக்குடா. ஈரல் கெட்டுப் போச்சு. இப்ப அவரே சொல்லுதாருல்லா.”

துரைக்கு முகம் மாறியது. “ஈரலா? நான் அன்னைக்கே சொன்னேனே அத்தான்” என்றான். நம்பிராஜன் பல நாள் மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வசனம் அது. அதையும் அவனே சொல்லிவிட்டான். “அக்கா, பட்டாளத்துல இருந்து வந்து எட்டு வருசமாச்சு. நான் எத்தன தடவ ஊத்தி நீட்டியிருப்பேன், மோந்து கூடப் பாக்கமாட்டாரு. கலரும் கறியுந்தான். குடிக்காமலும் லிவர் போகும்க்கா. எங்க யூனிட்ல ஒரு சுபேதார், சிகரெட்டு கூடத் தொடமாட்டாரு. சுகரும் தொப்பையும் இருந்துச்சு. அவருக்கும் இதே மாதிரிதான் கால் வீங்கிச்சு, கண்ணு மஞ்சளாச்சு.”

முத்துசெல்வி தம்பியின் முகத்தையே பார்த்தாள். “நெசமாவா?”

“நெசமா. கயிறு கட்டின கையோட பொய் சொல்லுவனா?”

“சரி. அப்பம் வேற நல்ல டாக்டரப் பாப்போம்” என்று சொல்லி அவள் கிளம்பிவிட்டாள். அவ்வளவுதான். நாள்கணக்கில் அவர் சத்தியம் பண்ணியும் நடக்காத காரியம், எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவன் சொன்ன நாலு வார்த்தையில் முடிந்துவிட்டது. பூசாரி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மறுநாளே தென்காசியில் ஈரல் டாக்டர் ஹஃப்சாவிடம் கூட்டிப் போனார்கள். துரையும் தன் ஈரலைப் பார்த்துக்கொள்கிறேன் என்று ரத்தம் கொடுத்து ஸ்கேன் எடுத்தான். அவனுக்கு மோசமாக இருக்க வேண்டும் என்று நம்பிராஜன் வேண்டிக்கொள்ளவில்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும்.

டாக்டர் ஹஃப்சா எல்லா காகிதத்தையும் பொறுமையாகப் படித்தார். வயிற்றைத் தட்டிப் பார்த்தார், காலை அமுக்கிப் பார்த்தார், உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

“குடி ஒரு காரணம்தான். ஆனா குடிச்சாத்தான் ஈரல் கெடும்னு இல்லை. சர்க்கரை, தொப்பை, எண்ணெய்ப் பலகாரம், உட்கார்ந்தே வேலை. இதெல்லாம் சேர்ந்து ஈரல்ல கொழுப்பாப் படியும். வருஷக்கணக்கா விட்டா தழும்பாகி இறுகிடும். மஞ்சக்காமாலைக் கிருமியும் உள்ளே தங்கி அரிக்கும், அதையும் ரத்தத்துல பாத்துட்டேன், உங்களுக்கு இல்லை. அந்த வலி மாத்திரையையும் பேர் தெரியாத பொடியையும் இன்னையோட நிறுத்துங்க. கெட்டுப்போன ஈரலுக்கு அது கூடுதல் அடி.”

“சரியாயிருமா டாக்டர்?” என்று முத்துசெல்வி கேட்டாள்.

“சுருங்கினது விரியாது. ஆனா இதோட நிறுத்திவைக்கப் பார்க்கலாம். உப்பைக் குறைக்கணும், சர்க்கரையைக் கட்டுப்படுத்தணும், நீர் இறங்க மாத்திரை தாரேன், ஆறு மாசத்துக்கு ஒருக்க ஸ்கேன். ரத்த வாந்தி எடுத்தாலோ, கறுப்பா வெளிக்குப் போனாலோ, பேச்சுத் தடுமாறினாலோ அந்த நிமிஷமே தூக்கிட்டு வரணும். கண்ணு மஞ்சளானப்பவே வந்திருந்தா இவ்வளவு நீர் கோத்திருக்காது. ஏன் வரலை?”

நம்பிராஜன் கழற்றியிருந்த சட்டைப் பொத்தானைப் போட ஆரம்பித்தார். என்ன சொல்வது, மச்சினன் சொன்னான் என்பதால் வரவில்லை என்றா?

துரையின் படத்தை டாக்டர் அடுத்து எடுத்தார். அவனுக்கும் ஈரலில் கொழுப்பும் வீக்கமும் ஆரம்பித்திருந்தது. ஓடுகிற உடம்பாக இருந்தாலும் குடி தன் வேலையைக் காட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. “சரியான நேரத்துல கயிறு கட்டியிருக்கீங்க. இனி தொடவே தொடாம இருந்தா இது திரும்பச் சரியாகிடும்” என்றார். திரும்பச் சரியாகிடும் என்பதையே நம்பிராஜன் மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். கெடுத்தவனுக்குத் திரும்பிப் போக வழி இருக்கிறது, தனக்கு இல்லை. பக்கத்தில் துரை அவர் முழங்காலில் கையை வைத்து, “நான் இருக்கேன் அத்தான்” என்றான். அதையும் தட்டிவிட முடியவில்லை.

கடைசியாக டாக்டர் புது நோட்டில் விவரம் எழுத ஆரம்பித்தார். பேர், வயசு, தொழில். பேனாவை நிறுத்தி, “மதுப் பழக்கம்?” என்றார்.

நம்பிராஜன் வாயைத் திறந்தார். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தானே அவர் இத்தனை வருஷமும் வாழ்ந்தது.

“கெடையவே கெடையாது டாக்டர்” என்றாள் முத்துசெல்வி. “என் தம்பி சொல்லிட்டான்.”

டாக்டர் அவர் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க.”

நம்பிராஜன் மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தில் இத்தனை நாளாக இல்லாத தெளிவு இருந்தது.

“ஆமா டாக்டர்” என்றார். “அவன் சொன்னது சரிதான்.”